கல்குடாப் பாரில் ஏறின திட்டு நண்டு: கறிக்கு எடுக்கலாமா?

வாழைச்சேனைப்_பொடியன்

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு விடிய கல்குடாப் பாருக்கு (கடலுக்கடியில இரிக்கிற பாறைத் திட்டுக்கு) கிட்டப் போட்ட வலையில மீனோட மூணு நண்டும் ஏறி வந்திரிக்கு. இப்பிடி ஒரு நண்டை நான் முன்னம் கண்டதில்ல. உள்ளங்கை அகலம். நீலக்கால் நண்டுட முதுகு போல தட்டையில்ல, மேடும் பள்ளமுமா முண்டு முண்டா இரிக்கு. வெளிறின நிறத்தில பெரிய பெரிய செம்மண்ணிறத் திட்டு, காலெல்லாம் அதே திட்டு. கொடுக்கு நுனி மட்டும் கரிக்கறுப்பு. கடைசிக் கால் துடுப்பா அகண்டில்ல, மற்றக் கால்களப் போலக் கூராத்தான் இரிக்கு.

வாளிக்குள்ள உயிரோட கிடக்கு. அம்மா முருங்கை இலை ஆஞ்சு வச்சிற்றா. "நண்டெண்டா நண்டுதானே, ஆக்கு" எண்டு அயல்ல சொல்லுறாங்க. எனக்கு மனம் ஒப்பல்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, கறிக்கு எடுக்கலாமா?

பாரடிச்_சுழியோடி

தம்பி, அடுப்பில வைக்காதீங்க. முதல்ல அத வாசிச்சிற்று மற்றத வாசிங்க.

நீங்க சொல்லுற அடையாளம் சோசிமஸ் ஈனியஸ் எண்ட பார் நண்டுக்குப் பொருந்துது. இந்து சமுத்திரத்தில இருந்து பசுபிக் வரைக்கும் பவளப் பார் உள்ள கடல்களில வாழுற நண்டு இது. இதுட உடம்பில டெட்ரோடொக்சின், சாக்சிடொக்சின் எண்ட நஞ்சுகள் இரிக்கும். முதலாவது பேத்தை மீன்ல உள்ள அதே நஞ்சு. குடலையும் செவுளையும் கழிச்சா போயிரும் எண்டு நினைக்காதீங்க. கொடுக்குச் சதையிலயும் கால் சதையிலயுமே இரிக்கு. பிலிப்பைன்ஸ்லயும் பசுபிக் தீவுகளிலயும் இத ஆக்கித் திண்டு செத்தவங்க இரிக்காங்க.

இதோட சேர்ந்த இன்னொண்டு அட்டெர்கட்டிஸ் புளோரிடஸ். அது முண்டில்லாம வழுவழுப்பா, முட்டை வடிவில இரிக்கும். மண்ணிறமும் பச்சையும் கலந்த முதுகில வெள்ளைச் சரிகை போட்ட கோலம். பார்க்க ஆசையா இரிக்கும், ஆனா அதுவும் நஞ்சுதான்.

படத்தக் காணாம இனம் இதுதான் எண்டு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன். ஆனா விடுறதுக்கு இனப்பெயர் தெரியத் தேவையில்ல. பாரில பிடிபட்டது, கொடுக்கு நுனி கறுப்பு, கடைசிக் கால் துடுப்பில்ல. இந்த மூண்டும் ஒண்டா வந்தா அது சட்டிக்குரிய நண்டில்ல.

கல்முனைக்_கடற்காத்து

சுழியோடி அண்ணே, நீங்க சொல்லுறதக் கேட்டு ஒரு சந்தேகம். எங்கட பக்கத்துப் பழைய ஆக்கள் "மஞ்சளும் உப்பும் போட்டு ரெண்டு தண்ணி மாத்தி அவிச்சா நண்டு நஞ்சு போகும்" எண்டு சொல்லுவாங்க. புளியும் விட்டா சரி எண்டும் சொல்லுற. கறுப்பு நுனி நண்டத் திண்டு சுகமா இரிக்கிற ஆக்களும் இரிக்காங்கதானே. அப்ப இது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாத சாமானா, இல்லாட்டி உண்மையான நஞ்சா?

வாட்டுத்_தாதி

உண்மையான நஞ்சு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஆளாக இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு நஞ்சும் கறி கொதிக்கிற சூட்டில் அழியாது. பொரித்தாலும் அழியாது. மஞ்சள், உப்பு, புளி, தேசிக்காய் எதுவும் இதை முறிக்காது. தண்ணீரை மாற்றி மாற்றி அவிப்பதை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது.

"திண்டவங்க சுகமா இரிக்காங்க" என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே இன நண்டிலும் ஒன்றுக்கொன்று நஞ்சின் அளவு மாறும், பாருக்குப் பாரும் மாறும். போன முறை சாப்பிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பது இந்த முறைக்குச் சாட்சியாகாது.

அறிகுறிகளை எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள். சில நிமிடங்களிலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் உதடும் நாக்கும் விறைக்கும், விரல் நுனிகள் கூசும். பிறகு சத்தி (வாந்தி), தலைச்சுற்று, கைகால் சோர்வு. கடைசியில் மூச்சு விடுகிற தசைகள் செயலிழக்கும். ஆளுக்கு நினைவு இருக்கும், பேச மட்டும் முடியாமல் போகலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடம்பை விட்டுக் கழியும் வரை மூச்சு இயந்திரத்தில் வைத்துக் காப்பாற்றுகிறோம், அதற்கு நேரத்தோடு வந்தாக வேண்டும். உதடு விறைத்த உடனேயே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மிச்சக் கறியையும் ஓட்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், என்ன நண்டு என்று வைத்தியர் பார்க்க உதவும்.

நண்டு ஒவ்வாமை வேறு. அது உடம்பு கடி, தடிப்பு, முகம் வீக்கம், இழுப்பு என்று வரும். எந்த நல்ல நண்டிலும் சிலருக்கு வரும். அதுவும் ஆபத்தானதுதான், ஆனால் அதற்கு ஊசி மருந்து இருக்கிறது.

ஸ்காபரோ_மட்டுநகர்

கறுப்பு நுனி எண்டா விடச் சொல்லுறீங்கள். ஆனா இங்க கனடாவில, புளோரிடாவில இருந்து வாற கல்நண்டுக் கொடுக்கு நுனி கறுப்புத்தான், பெரிய விலைக்கு விக்கிறாங்கள். அது எப்பிடி?

பாரடிச்_சுழியோடி

அது மெனிப்பே எண்ட வேற இனம், அண்ணே. அந்தக் கடல்ல ஆராய்ஞ்சு, அந்த ஊர்ச் சட்டத்தோட பிடிக்கிற நண்டு. புளோரிடாவில முழு நண்டைக் கரைக்குக் கொண்டுவர ஏலா. அளவான கொடுக்கை மட்டும் ஒடிச்சு எடுத்திற்று நண்டத் திரும்பக் கடல்ல விடவேணும், சட்டை (பழைய ஓடு) கழட்டக் கழட்ட கொடுக்கு மறுகா வளரும். கறுப்பு நுனி உள்ளதெல்லாம் நஞ்சு எண்டு நான் சொல்லல்ல. எங்கட பாரில பிரிச்சறியத் தெரியாத ஆளுக்கு அந்த அடையாளம் போதும், அவ்வளவுதான். ஒரு நேரக் கறிக்கு அவ்வளவு பெரிய துணிவு எதுக்கு?

வாழைச்சேனைப்_பொடியன்

மூணையும் கொண்டுபோய்ப் பாருக்குக் கிட்டவே விட்டாச்சு. அம்மா முருங்கை இலைய சுண்டிற்றா. தாதி அக்கா எழுதினத அயலுக்கும் வாசிச்சுக் காட்டினன்.

ஆனா இதால எனக்கு ஒரு ஆசை வந்திற்று. எங்கட கடல்லயும் ஆத்திலயும் வாற வித்தியாசமான நண்டுகள் என்னென்ன? எது திங்கலாம், எத எப்பிடி ஆக்கினா ருசி? தெரிஞ்ச ஆக்கள் ஒவ்வொண்டா எழுதுங்களன்.

ஓட்டமாவடி_மீன்கடை

நல்ல கேள்வி தம்பி. எங்கட ஊட்டுல நண்டு ஆக்கிறல்ல, ஆனா வாப்பாட காலத்தில இரிந்து வாங்கி விக்கிறம். கண்ணுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியா. ருசிய மத்தவங்க சொல்லட்டும்.

கடல் நண்டுல கூட வாறது நீலக்கால் நண்டு. ஆண் நண்டுதான் நீலம், பொண் நண்டு மங்கின மண்ணிறம். நிறத்தப் பாத்து "இது வேற சாதி" எண்டு சனம் விலை குறைச்சுக் கேக்கும், ரெண்டும் ஒரே இனம். மறுகா முக்கண் நண்டு. முதுகுல வரிசையா மூணு கருஞ்சிவப்புப் பொட்டு, ஒவ்வொண்டச் சுத்தியும் வெள்ளை வளையம். ஓடு மெல்லிசு. நீலக்காலுக்கு உள்ள கிராக்கி இதுக்கு இல்ல, ஆனா ஏழைச் சனத்துக்கு நல்ல நண்டு.

சிலுவை நண்டு எப்பவாச்சும் வரும். செம்மண்ணிறமும் வெள்ளையும் கோடு கோடா, முதுகு நடுவுல வெள்ளைச் சிலுவை அடையாளம். தெரியாதவங்க கோலத்தக் கண்டு பயந்து வாங்க மாட்டாங்க. இது நஞ்சில்ல. கடைசிக் காலப் பாருங்க, துடுப்பா அகண்டு இரிக்கும். வந்த உடனே எடுத்து வைக்கச் சொல்லிப் புளியந்தீவில இரிந்து கோல் பண்ணுற ஆக்கள் எனக்கு இரிக்காங்க.

கல்லாத்து_அடுப்படி

சிலுவை நண்டு கிடைச்சா விடாதீங்க. சதை கெட்டியா, இனிப்பா இரிக்கும், நீலக்கால விட ஒரு படி மேல எண்டுதான் நான் சொல்லுவன். எங்கட பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில சவேரியார் கதை சொல்லுவாங்க. 16ஆம் நூற்றாண்டில மொலுக்கஸ் தீவுப் பக்கம் புயல்ல அவர் சிலுவையக் கடல்ல தவற விட, கரையில ஒரு நண்டு அதக் கொடுக்கில தூக்கிக்கொண்டு வந்து குடுத்ததாம். அதுக்குப் பிறகு அந்த நண்டு இனத்துக்கு முதுகில சிலுவை வந்ததாம். இதச் சொல்லிக் கும்பிட்டிற்றுத்தான் சிலர் வெட்டுவாங்க.

பாரடிச்_சுழியோடி

கடைக்கு வராத நண்டுகளையும் சொல்லுறன், வலையில ஏறினா தூக்கி எறியாம ஒருக்காப் பாருங்க.

பெட்டி நண்டு எண்டு ஒண்டு இரிக்கு, கலப்பா எண்ட சாதி. ரெண்டு கொடுக்கையும் முகத்தோட ஒட்டி மடிச்சு வச்சா முகமே தெரியா, மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். அதுட வலக் கொடுக்கில ஒரு தனிப் பல் இரிக்கு. சங்கு, சிப்பி நத்தையப் பிடிச்சு, டின் வெட்டுற கத்தி போல ஓரத்தால உடைச்சு உடைச்சுப் போய் உள்ள இரிக்கிற சதைய எடுக்கும். தவளை நண்டு, ரனினா ரனினா, செக்கச் சிவப்பு. மற்ற நண்டுகள் பக்கவாட்டில ஓட இது முன்னுக்கு நடக்கும், பின்பக்கமாப் புதையும். பிலிப்பைன்ஸ்லயும் ஹவாயிலயும் விரும்பித் திண்ணுறாங்க. பஞ்சு நண்டு ஒண்டு, கடற்பஞ்ச அளவா வெட்டித் தன்ட முதுகில தொப்பியாப் பிடிச்சுக்கொண்டு திரியும், கடைசிக் கால்கள் அதுக்காகவே முதுகுப் பக்கம் திரும்பியிரிக்கும். அத எடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல, சதை இல்ல. பார்த்திற்று விடுங்க.

தென்னை நண்டு இஞ்ச இரிக்கா எண்டு ஒவ்வொரு வருசமும் ஆரோ கேக்கிற. தரையில வாழுற, நாலு கிலோ வரைக்கும் வளருற நண்டு அது. நிக்கோபார், பசுபிக் தீவுகள் எண்டு ஒதுக்குத் தீவுகளில உள்ளது. மட்டக்களப்பில தென்னைக்குக் கீழ காணுறது வேற.

நாவலடித்_தோணி

எல்லாரும் கடல் நண்டையே கதைக்கிறீங்க. ஆத்து நண்ட விட்டிற்று மட்டக்களப்பில நண்டுக் கதை ஏது?

ஆத்து நண்டெண்டு சொல்லுறது எங்கட வாவி நண்டைத்தான், சைலா இனம். ரெண்டு கிலோவத் தாண்டியும் வளரும். கண்ணா எண்ட கண்டல் மரத்து வேருக்கடியில வளை வெட்டி இருக்கும். கூட்டுக்குள்ள மீன் தலையக் கட்டிப் போட்டு எடுப்பம், வளைக்குள்ள கம்பி விட்டும் எடுப்பம். எடுத்த உடனே ரெண்டு கொடுக்கையும் மடிச்சுக் கட்டவேணும், இல்லாட்டி விரல் போகும். ஈரச் சாக்கில நிழல்ல வச்சா நாள்க்கணக்கில உயிரோட இருக்கும். அதாலதான் சிங்கப்பூருக்கு உயிரோடயே போகுது, அங்க "சிலோன் நண்டு" எண்டா தனி மவுசு.

ஆக்க முதல் ஒரு சொல். செத்த ஆத்து நண்ட எவ்வளவு மலிவாத் தந்தாலும் வாங்காதீங்க. செத்த உடனே அதுட குடல் நீரே சதையக் கரைக்கத் தொடங்கிரும். கண்ணத் தொட்டா உள்ள இழுக்கவேணும். இழுக்கல்லயா, விடு.

தம்பிலுவில்_வயல்க்காரன்

தோணி அண்ணே, ஒரு நெடுநாள்க் கேள்வி. அமாவாசை நண்டில சதை நிறையும், பருவத்து (பௌர்ணமி) நண்டு வெறும் கோது எண்டு திருக்கோவில் ஊர்ப் பக்கம் எல்லாரும் சொல்லுற. உண்மையா?

நாவலடித்_தோணி

நானும் அந்தச் சொல்லோடதான் வளர்ந்தன். அமாவாசை இருட்டில நண்டு நல்லா மேயும், கூட்டிலயும் கூட ஏறும், நிலவுக்குப் பயந்து வளைக்குள்ள கிடக்கும் எண்டு அப்பா சொல்லுவார். என்ட அனுபவத்தில இருட்டுக்கு ஏறுற நண்டு பாரமாத்தான் இருக்கும்.

ஓட்டமாவடி_மீன்கடை

தோணி அண்ணனுக்கு மரியாதையோட ஒரு மாத்துக் கருத்து. நான் நிலவப் பாத்து வாங்கிறல்ல, நண்டப் பாத்துத்தான் வாங்கிற. ஒரே கூட்டுல வந்த ரெண்டு நண்டுல ஒண்டு நிறைஞ்சு இரிக்கும், மத்தது தண்ணி. நண்டு சட்டை கழட்டினா புது ஓட்டுக்குள்ள சதை சுருங்கி, தண்ணியக் குடிச்சுத்தான் உடம்ப ஊதவச்சிரிக்கும். சதை வளந்து அந்த இடத்த நிரப்ப நாள் போகும். எந்த நண்டு எண்டைக்குக் கழட்டினது எண்டு நிலவு சொல்லுமா?

பாக்கிற முறை இதான். நண்டத் திருப்பி வயித்துப் பக்கம், கொடுக்கு அடிக்குக் கிட்ட, பெருவிரலால அமத்துங்க. கல்லா இரிந்தா நிறைஞ்ச நண்டு. அமுங்கினா தண்ணி நண்டு. வயிறு பளிச்செண்டு வெள்ளையா, ஓடு புதுசா மின்னினா இப்பத்தான் கழட்டியிரிக்கு. வயிறு மஞ்சள் பாரிச்சு, ஓட்டுல ஊரி ஒட்டி, அழுக்கா இரிக்கிறதத்தான் எடுக்கணும். சனம் வடிவானத எடுக்கும், நான் ஊட்டுக்காரருக்கு அழுக்கானதத்தான் எடுத்துக் குடுப்பன்.

நாவலடித்_தோணி

அமத்திப் பார்க்கிறது சரி, அத நான் மறுக்கல்ல. ஆனா அமாவாசைய விடவும் மாட்டன். ரெண்டும் இருக்கட்டும்.

இன்னொண்டு சொல்ல மனம் கிடந்து அடிக்குது. வயித்து மடலுக்கு வெளிய செம்மஞ்சளா, கறுப்பா முட்டைக் குலையோட வாற நண்டுகள விக்காதீங்க, வாங்காதீங்க. ஆத்து நண்டு வாவிக்குள்ள குஞ்சு பொரிக்கிறல்ல. பெட்டை நண்டு முகத்துவாரத்தால கடலுக்குப் போகவேணும். பாலமீன்மடுவிலயும் கல்லாத்திலயும் வாய் திறந்திருந்தாத்தான் அதுக்கு வழி. ஒரு பெட்டை பத்து லட்சக்கணக்கில முட்டை சுமக்கும், அதில கண்ணாக்காட்டுக்குத் திரும்பி வந்து சேருறது விரல் விட்டு எண்ணுற அளவு. கண்ணாவ வெட்டி, வாயடியில நண்டுக்கூட்ட நிரைச்சு வச்சா என்ன மிஞ்சும்? முன்னம் மண்முனைத் துறையடியில எடுத்த அளவான நண்டுகள இப்ப தேடவேண்டிக் கிடக்கு.

ஸ்காபரோ_மட்டுநகர்

தோணி அண்ணை சொல்லுறது மிகச் சரி. கனடாவில, பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில டன்ஜினஸ் நண்டு பிடிக்கிற ஆக்கள் பெண் நண்டு ஏறினா திருப்பிக் கடல்ல விடவேணும். ஆணிலயும் அளவு காணாட்டி விடவேணும். முட்டை இருக்கோ இல்லையோ, பெண் எண்டாலே விடு. அளக்கிற கருவிய ஒவ்வொருத்தரும் கையோட வச்சிருப்பினம்.

கல்முனைக்_கடற்காத்து

ஆனா உள்முட்டை உள்ள பெட்டை நண்டுக்குத்தானே ருசியே. ஓட்டைக் கழட்டினா செம்மஞ்சளா நிறைஞ்சிருக்கிற அந்த முட்டைக்காகவே கல்முனைச் சந்தையில பெட்டையக் கேட்டு வாங்குற.

நாவலடித்_தோணி

தெரியும் தம்பி. ருசி எண்டு எனக்கும் தெரியும். வெளிமுட்டைய எண்டாலும் விடுங்க எண்டு கேக்கிறன். அதுக்கு ருசியும் இல்ல, அந்த நேரம் சதையும் வத்திப்போயிருக்கும்.

தம்பிலுவில்_வயல்க்காரன்

அம்பாறைப் பக்கம் இருந்து வயல் நண்டையும் சொல்லவேணும். வரம்பில பொத்துப் போட்டுத் தண்ணியக் களவாக் கொண்டுபோற நண்டு எண்டு விவசாயிக்குக் கோவம். ஆனா இலங்கையின் நன்னீர் நண்டுகள் ஒரு பெரிய அதிசயம். ஐம்பது இனம் வரைக்கும் அறிஞ்சிருக்காங்க, ஏறக்குறைய எல்லாமே உலகத்தில வேறெங்கயும் இல்லாதவை. வயல்களில உள்ளது ஒசியோதெல்புசா வகை. மலைப்பக்கத்து ஓடைகளில சிவப்பு, ஊதா எண்டு வேற வேற இனம், ஒரே ஒரு ஓடையோட முடிஞ்சு போறதும் இருக்கு. இதுகள் கடல் நண்டப்போலக் குடம்பியா (நண்டு உருவம் வராத குஞ்சா) மிதக்கிறல்ல. முட்டைக்குள்ளயே முழுநண்டாகி, தாய்ட வயித்து மடலுக்குள்ள குஞ்சாக் கொஞ்சநாள் இருந்து இறங்கும். அதால ஒரு ஓடையில அழிச்சா வேற இடத்தில இருந்து வந்து நிரம்பாது. காட்டோடை நண்டுகள விட்டிருங்க.

வயல் நண்ட உரல்ல இடிச்சுச் சாறு பிழிஞ்சு மிளகு ரசம் வைக்கிற பழக்கம் இருக்கு, சளிக்கு நல்லம் எண்டு. இதில தாதி அக்கா ஏதும் சொல்ல இருக்கா?

வாட்டுத்_தாதி

இருக்கிறது. நன்னீர் நண்டுகளில் நுரையீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் தங்கியிருக்கலாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உள்ளே போனால் அது நுரையீரலுக்குப் போய்த் தங்கி இருமலும் இரத்தச் சளியும் வரும். காசநோய் என்று தவறாக எண்ணிப் பல மாதம் மருந்து கொடுத்த கதைகள் வடகிழக்கு இந்தியாவில் நிறைய.

ரசத்தை நன்றாகக் கொதிக்கவைத்தால் புழு செத்துவிடும், அதில் பயமில்லை. பயம் உரலில்தான். பச்சை நண்டை இடித்த அதே உரலில், அதே குழவியில், கழுவியும் கழுவாமலும் பச்சைச் சம்பல் இடிப்பார்கள். புழு அந்த வழியாகப் போகும். நண்டுக்கு இடித்த பாத்திரத்தைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். வயலுக்கு மருந்து அடித்த நாட்களில் அந்த நண்டைத் தொடவே வேண்டாம்.

வாழைச்சேனைப்_பொடியன்

இப்ப கறிக்கு வருவம். கல்லாத்து அக்கா, ஆத்து நண்டுக்கும் கடல் நண்டுக்கும் ஒரே கறியா?

கல்லாத்து_அடுப்படி

இல்லவே இல்ல மனே. அதத்தான் நான் எழுதக் காத்துக்கொண்டு இருந்தன்.

ஆத்து நண்டுட ஓடு தடிப்பு, சதை கெட்டி, வாசம் கூட. அது தூளையும் புளியையும் தாங்கும். கடல் நண்டு மெல்லிசு, இனிப்பு. அதுக்குத் தூளக் கொட்டினா நண்டக் காணமாட்டீங்க, தூள்தான் இருக்கும்.

ஆத்து நண்டுக் கறி: முதல்ல நண்ட ஐஸ் கட்டியோட ஒரு அரை மணித்தியாலம் வைங்க, மயங்கிரும். உயிரோட கொதிதண்ணியில போட்டா அது வேதனையில காலக் கழட்டிரும், நண்டுக்கும் பாவம், சதைக்குள்ள தண்ணியும் போகும். மயங்கின பிறகு வயித்து மடலுக்கடியில கத்திய இறக்கி, ஓட்டைக் கழட்டி, செவுளையும் கண்ணுக்குப் பின்னால இருக்கிற பையையும் எடுத்து எறியுங்க. மஞ்சள் நெய்ய ஒரு கிண்ணத்தில வழிச்சு வைங்க. கொடுக்க அம்மிக் குழவியால ஒரு தட்டுத் தட்டுங்க. நொருக்க வேண்டாம், வெடிச்சாப் போதும்.

சட்டியில எண்ணெய் விட்டு வெந்தயம், பெருஞ்சீரகம், வெண்காயம், நிறைய உள்ளி, கொஞ்சம் இஞ்சி, கறிவேப்பிலை, றம்பை. வதங்கினதும் கொடுக்க மட்டும் முதல்ல போடுங்க. கொடுக்கு வேகப் பிந்தும், உடம்பு முந்தி வெந்து காஞ்சிரும். எல்லாத்தையும் ஒண்டாப் போடுறதாலதான் பல வீட்டில நண்டுக் கறி சக்கையாப் போறது. கொஞ்சம் பிரட்டி மற்றத் துண்டுகளும் வறுத்த தூளும் மஞ்சளும் உப்பும் போட்டு, புளிக்கரைசலும் இரண்டாம் பாலும் விட்டு மூடுங்க. இருபது நிமிசம் வரைக்கும் போதும். தேங்காய்ப்பூவ மிளகோட செம்மையா வறுத்து அரைச்சு, அதோட அந்த மஞ்சள் நெய்யக் குழைச்சுக் கடைசியில விடுங்க. முதல் பால் இதுக்கு வேண்டாம். முருங்கை இலை இறக்கிற நேரத்தில, ஒரு கொதி. தேசிக்காய் அடுப்பால இறக்கின பிறகுதான்.

கடல் நண்டுக்கு இதில பாதி வேலையும் இல்ல. பச்சைக் கொச்சிக்காய், வெண்காயம், வெந்தயம், மஞ்சள், இரண்டாம் பாலில பத்து நிமிசம், முதல் பால் விட்டு ஒரு சூடு. வெள்ளைக் கறி. இடியப்பத்துக்கு இதுக்கு மேல ஒண்டு இல்ல.

கல்முனைக்_கடற்காத்து

ஆத்து நண்டுக்கு முதல் பால் வேண்டாமா? எங்கட வீட்டில முதல் பால் இல்லாம நண்டுக் கறியே இறங்காது. அது இல்லாட்டி தொண்டையக் கீறும்.

கல்லாத்து_அடுப்படி

விடுறவங்க விடட்டும். எனக்கு வறுத்த தேங்காயும் நண்டு நெய்யும் சேர்ந்த அந்தக் கொழுப்பே காணும். முதல் பாலும் விட்டா ஆத்து வாசம் அமந்துபோகும்.

ஸ்காபரோ_மட்டுநகர்

இங்க பிள்ளையள் ஓட்டோட நண்டு தர ஓடுதுகள். உதிர்த்த சதையில செய்யக்கூடியது சொல்லுங்கோ அக்கா. கடையில "நண்டுக் குச்சி" எண்டு சிவப்புத் தோலோட விக்கிறதுகள வறைக்குப் போடலாமோ?

கல்லாத்து_அடுப்படி

அந்தக் குச்சியில நண்டு இல்ல தம்பி. வெள்ளை மீன் சதைய அரைச்சு, மாவும் வாசமும் நிறமும் போட்டு அச்சில வாத்தது. வறைக்குப் போட்டா களியாப் போகும். நல்ல நண்டு வாங்கி உதிருங்க.

நீலக்கால் எண்டா உப்பும் மஞ்சளும் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிசம் அவிச்சு ஆறவிடுங்க. சூட்டோட உடைச்சா சதை ஓட்டோட ஒட்டும். துடுப்புக்கால் உடம்போட பொருத்துற இடத்திலதான் பெரிய கட்டிச் சதை இருக்கு, அத முழுசா எடுத்துத் தனிய வைங்க. கிலோ நண்டில கால் கிலோச் சதை தேறினாலே பெரிசு, அதால மெதுவா எடுங்க. எடுத்தத ஒரு வெள்ளைத் தட்டில பரப்பி விரலால ஒருக்காத் தடவுங்க, ஓட்டுத் துண்டு அகப்படும்.

வறைக்கு: தேங்காய்ப்பூ, சின்ன வெண்காயம், பச்சைக் கொச்சிக்காய், மிளகு, மஞ்சள், உப்பு எல்லாத்தையும் பிசறி உதிரிச் சதையோட கலந்து வைங்க. சட்டியில கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளிச்சு, இதக் கொட்டி, தணலாக் குறைச்சு, ஈரம் வத்தும் வரைக்கும் பிரட்டுங்க. கட்டிச் சதைய இறக்கிறதுக்கு முன்னம் சேர்த்து ஒரு தரம் மட்டும் திருப்புங்க, உடையப்படாது. குழல் புட்டுக்குள்ள தேங்காய்ப்பூவுக்குப் பதிலா இந்த வறைய அடுக்கி அவிச்சுப் பாருங்க, பிள்ளைகள் கேட்டுத் திண்ணும். மிஞ்சினா உருளைக்கிழங்கோட மசிச்சு கட்லட், இல்லாட்டி பற்றிசுக்குள்ள.

அவிச்ச தண்ணிய ஊத்தாதீங்க. உடைச்ச ஓடுகளையும் கால்களையும் அதுக்குள்ள போட்டு இன்னும் கொஞ்சம் கொதிக்க வச்சு வடிச்சா சொதிக்கும் ரசத்துக்கும் ஆகும்.

ஸ்காபரோ_மட்டுநகர்

நன்றி அக்கா. கடைசியா ஒண்டு. உதிர்த்த சதைய ஐஸ்பெட்டியில வச்சு எடுத்தா நார் நாராக் காஞ்சு போகுது. என்ன வழி?

கல்லாத்து_அடுப்படி

வெறும் சதைய வைக்கிறதால. அவிச்ச தண்ணிய ஆறவச்சு, சதை மூழ்கிற அளவுக்கு விட்டு, சின்னச் சின்னப் பெட்டியில உறையவைங்க. ஒரு நேரத்துக்குத் தேவையான அளவு ஒரு பெட்டி. எடுக்கிற நாளைக்கு முதல் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில வைங்க, வெளிய வச்சு உருக்காதீங்க. வறைக்கெண்டா மெதுவாப் பிழிஞ்சிற்றுப் போடுங்க, பிழிஞ்ச தண்ணி அண்டைக்குச் சொதிக்கு. உறையவைக்காத சதை எண்டா மறுநாளைக்குள்ள முடிச்சிருங்க.